கடைசி சீட்டில் ஒரு ஜோடி செருப்பு

மஸ்கட்டில் நான் ஓட்டும் பள்ளிக்கூட பஸ், சாவியைத் திருப்பி அணைத்ததும் கத்த ஆரம்பித்துவிடும். கடைசி சீட்டு வரை நடந்துபோய், அங்கே இருக்கும் சிவப்புப் பட்டனை அமுக்கினால்தான் வாயை மூடும். போகிற வழியில் ஏதாவது சீட்டில் பிள்ளை தூங்கிப்போயிருந்தால் கண்ணில் பட்டுவிடும், அதற்காகத்தான். முதல் நாள் அசந்துபோய் நின்றேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். என் நெஞ்சுக்குள் கிடந்து அடித்துக்கொள்ளும் பயத்தை யாரோ படித்தவர் ஒரு டப்பாவுக்குள் வைத்துக் குரலும் கொடுத்திருக்கிறாரே! இன்றைக்கும் அந்தப் பட்டனைக் கும்பிடத் தோன்றும்.

அமுக்கிய பிறகும் இன்னொரு நடை போய்ப் பார்ப்பேன். ஒருநாள் பள்ளி வாசலில் நிற்கும் ஓமானி அம்மா, எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து "மொபைல்?" என்றார். "நோ மொபைல். பேபி" என்றேன். பதறியடித்துப் பஸ்ஸில் ஏறிவிட்டார். உள்ளே யாருமில்லை என்று புரியவைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

இந்தப் பயம் ஆர்.கே.பேட்டையில் பிடித்தது. ஊத்துக்கோட்டையிலிருந்து ஒரு காதுகுத்துக்குப் போனோம். ஒரே காரில் பதினோரு பேர், ஓட்டினவன் நான். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும், காரில் பிள்ளை ஒரு மடியில் தங்காது, கை மாறிக்கொண்டே இருக்கும். என் மகள் இனியாவுக்கு அப்போது இரண்டு வயது. இறங்கியதும், பிள்ளை தன் தம்பி ஏழுமலையிடம் என்று என் மனைவி தனம் நினைத்தாள். அவன் என்னிடம் என்று நினைத்தான். நான் தனத்திடம் என்று நினைத்தேன். மண்டபத்தில் உட்கார்ந்த பிறகு, காரைப் பூட்டினேனா என்று எனக்குச் சந்தேகம்.

"பூட்டு பூட்டுன்னு சாவறியே மாமா! நாஷ்டா துன்னுட்டுப் போ" என்றான் ஏழுமலை.

போய்ப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. பின் சீட்டுக்கடியில் பாவாடை நுனி தெரிந்தது. தலையெல்லாம் நனைந்து, முகம் சிவந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். பிழைத்தாள்.

இப்போது ஏழுமலை தேர்வாய் கண்டிகைப் பக்கம் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். இனியா அதில்தான் போகிறாள். அந்த வேனில் பட்டன் கிடையாது. போன மாதம் போனில் சொன்னேன்: "மச்சான், செருப்பக் கழட்டிட்டுதான ஓட்டற? அத்த கடைசி சீட்டுல போட்டுடு. எறங்கறப்ப அங்க போய்தான ஆவணும்."

"இன்னா மாமா பேஜாரு பண்ற! வெறுங்கால்ல எறங்க மாட்டனா? தீ மிதிக்கறவன் நானு."

"அது வருசத்துக்கு ஒரு நாளுடா. தார் ரோடு தெனம் சுடும்."

சிரித்தான். அப்புறம், "செரி மாமா, போடறேன்" என்றான், வேறு குரலில்.

மறுநாளிலிருந்து தினமும் ஒரு படம் வருகிறது. காலி வேன், கடைசி சீட்டு, அதன்மேல் தேய்ந்த ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. இங்கே என் பஸ் கத்திக்கொண்டிருக்கும். ஒரு கையில் போன், இன்னொரு கை பட்டன்மேல். செருப்பைப் பார்த்த பிறகுதான் அமுக்குகிறேன்.