நான் ஏழை என்று ஊரே சொன்ன நாள்

கடலில் மூன்று முறை கவிழ்ந்து பிழைத்தவன் நான். போன ஆண்டு ஆடி மாதம் தரையிலேயே கவிழ்ந்தேன். அலை இல்லை, காற்று இல்லை. என் வாய் ஒன்றே போதுமானதாக இருந்தது. அன்பானவர்களே, அந்த ஆழத்திலிருந்து ஆண்டவர் என்னைத் தூக்கி எடுத்ததைச் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவன்.

என் மகள் செலினுக்குக் கலந்தாய்வில், திருநெல்வேலியில் தாமிரபரணிக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள் அவள். முதல் பட்டதாரிச் சலுகையில் கட்டணத்தில் ஒரு பகுதி குறைந்தது. மீதிக்கும் விடுதிக்கும் வங்கியில் கல்விக்கடன். வீட்டு வருமானம் குறைவு என்றால் படிக்கிற காலம் முழுவதும் கடனுக்கான வட்டியை அரசே ஏற்கும். அதற்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். ஒரே ஒரு காகிதம். அதைத்தான் நான் கெடுத்தேன்.

ஆடிக் காற்றில் பத்து நாள் சும்மா கிடந்து, அன்றுதான் எங்கள் வள்ளத்துக்கு நல்ல சீலா மீன் கிடைத்திருந்தது. உவரிக் கரையில் ஏலம் முடிந்த நேரம். சான்றிதழுக்கு நான் கொடுத்திருந்த விண்ணப்பத்தை விசாரிக்கக் கிராம நிர்வாக அலுவலர் அங்கேயே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, மாச வருமானம் எவ்வளவு வரும்?"

சுற்றிலும் ஆட்கள். என் மச்சினன் சேவியரும் நிற்கிறான். "அத்தானப் பாத்தா மீனே பயந்து ஓடுதுல்லா" என்று பத்து நாளாக என்னைக் கேலி பேசியவன். அவன் முன்னால் சின்னத் தொகை சொல்ல எனக்கு நாக்கு வருமா?

"என்ன சார் இப்படிக் கேக்கீக? இப்ப ஏலம் போச்சுல்லா, இது மாதிரி தினமும் போவும். பயப்படாம எழுதுங்க!"

கரையே சிரித்தது. அலுவலர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

ஏலத்தொகை முழுவதும் என்னுடையதா? டீசல், வள்ளத்துக்காரர் பங்கு, வலைப் பங்கு எல்லாம் போக மிஞ்சுவதை ஐந்து பேர் பிரித்துக்கொள்வோம். என் பங்கில் பணத்தைவிட மீன் வாடைதான் அதிகம். அது எனக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்த திங்கட்கிழமை சான்றிதழ் வந்தது. அரசு வரம்புக்கு மேலே எங்கேயோ போய் நின்றது என் வருமானம். வங்கி மேலாளர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு வட்டி மானியம் கிடைக்காது. மற்ற காகிதமெல்லாம் சரியா இருக்கு. வெள்ளிக்கிழமை கட்டணம் கட்டக் கடைசி நாள். அதுக்குள்ள திருத்தி வாங்கிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்ததும் செலின் சொன்னாள்: "வேண்டாம்ப்பா. வட்டி ஏறிக்கிட்டே போவும். நான் கூடங்குளத்துல ஜவுளிக்கடைக்குப் போறேன். அவங்ககிட்ட பேசிட்டேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட ஏதாவது வேடிக்கை சொல்லிச் சமாளித்திருப்பேன். என் மனைவி ரோஸ் என் முகத்தைப் பார்க்காமலே சோறு வைத்தாள். இறங்கவில்லை. இந்தப் பிள்ளை பன்னிரண்டு வருடம் படித்ததை ஒரு நிமிடச் சிரிப்புக்கு விற்றுவிட்டேனே!

கோயிலுக்குப் போனேன். வழக்கமாக அங்கேயும் கடைசி வரிசையில் யாரையாவது சிரிக்க வைப்பவன் நான். அன்று முழங்காலில் விழுந்தேன். வார்த்தை வரவில்லை. கடைசியில் இப்படித்தான் கேட்டேன்: "ஆண்டவரே, நான் சொன்னது பொய். அதை அத்தனை பேர் கேட்டாங்க. அவங்க முன்னாலயே உண்மையைச் சொல்ல வெட்கமா இருக்கு. வேறொன்றும் கேட்கவில்லை. இந்த வெட்கத்தை மட்டும் எடுத்துப்போடும்."

செவ்வாய்க்கிழமை அலுவலரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "மனு எழுதிக் கொடுங்க. நாளைக்குக் கரைக்கு வாறேன். எல்லார் முன்னாலயும் விசாரிச்சுத்தான் திருத்துவேன்" என்றார். எதற்குப் பயந்தேனோ அதையே கேட்டார்.

புதன்கிழமை கரையில் நின்றேன். "சார், அன்னைக்குச் சொன்னது பூராவும் பொய். இவன் கேலிக்குப் பயந்து சொல்லிட்டேன்" என்று சேவியரைக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதியில் செத்துவிடலாம் போல இருந்தது.

சேவியர்தான் முன்னால் வந்தான். "சார், இவரு கையில என்ன இருக்கு? போன மாசம் எங்க வீட்டு அரிசியிலதான் இவரு வீட்டு அடுப்பு எரிஞ்சுது."

மீன் விற்கும் மரியம்மாக்கா விடவில்லை. "ரோஸோட கம்மல் அடகுக்குப் போனப்ப கூடப் போனவளே நான்தாம் சார்!"

"இவன் வலை பூராவும் ஓட்டை சார். வாயி மட்டுந்தான் புதுசு" என்றார் வள்ளத்துக்காரர். "பங்குல இவனுக்கு எவ்வளவு போவுதுன்னு நான் எழுதித் தாறேன்."

ஒருவர் விட்டால் இன்னொருவர். என் வறுமைக்குச் சாட்சி சொல்ல இத்தனை போட்டியா! நான் மறைத்து வைத்ததாக நினைத்ததெல்லாம் ஊருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அன்று என்னோடு சேர்ந்து சிரித்திருக்கிறார்கள். மணலில் உட்கார்ந்து அழுதேன். வெட்கம் போயிருந்தது. நான் கேட்டது கிடைத்துவிட்டது. கேட்காததும் பின்னாலேயே வந்தது. அலுவலர் பரிந்துரைத்தார். திசையன்விளை தாலுகா அலுவலகத்தில் வியாழக்கிழமை மாலை திருத்திய சான்றிதழ் கிடைத்தது. வெள்ளிக்கிழமை வங்கியிலிருந்து கல்லூரிக்குப் பணம் போனது.

படிப்பு முடிந்து கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும். அது எங்கள் பொறுப்பு. இன்றும் வாயாடிதான் நான், திருந்தியதாகப் பீற்றினால் அது அடுத்த பொய். ஆனால் யாராவது வருமானம் கேட்டால் உள்ளதைச் சொல்கிறேன். சான்றிதழ் வாங்கப் போகும் பெற்றோரோடு துணைக்கும் போகிறேன்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் கட்டணம் கட்ட வழியில்லாமல் ஒரு பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். முதலில் முழங்காலில் நில்லுங்கள். எழுந்ததும் தாலுகா அலுவலகத்துக்குப் பேருந்து ஏறுங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள், இரண்டு இடத்திலும். என்னைப் போன்றவனுக்கே இரங்கியவர் உங்களைக் கைவிடுவாரா? அவருக்கே புகழ்.

செலின் இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.