ஜெசிந்தா டீச்சர் நம்பாத கை

ஜெசிந்தா டீச்சர் இறந்துவிட்டதாகப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது, என் கடையில் உர மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. நான் நம்பவில்லை. முதல் நாள்தான் மார்க்கெட்டில், தராசில் பூஜ்யம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்துக் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டிருந்தார். அவருடைய தம்பிக்கே போன் செய்து கேட்டேன். உண்மைதான். தூக்கத்திலேயே மாரடைப்பு.

மயிலாடுதுறையில் அவரிடம் ஓவியம் படித்த பிள்ளைகளின் பெற்றோர் எல்லோருக்கும் தெரியும், டீச்சர் எதையும் லேசில் நம்பமாட்டார். படம் கொஞ்சம் அழகாக இருந்துவிட்டால் போதும், "இத உங்கம்மா போட்டாங்களா?" என்பார். அவர் தரும் வீட்டுப்பாடங்கள் எளியவை. அப்பா ஒரு கோடு, பிள்ளை ஒரு கோடு என்று மாறி மாறிப் போட்டு ஒரு படத்தை முடிக்க வேண்டும். அல்லது, தாளைப் பார்க்காமல் அம்மா முகத்தை வரைய வேண்டும். "கோணலாத்தான் வரணும். நேரா வந்தா ரெண்டு பேரும் சேந்து உக்காரலன்னு அர்த்தம்" என்று சொல்வார்.

சில மாதங்களுக்கு முன், சம்பா நெல்லுக்கு மேலுரம் போடும் சமயம். ஒரு மத்தியானம் டீச்சர் கடைக்குள் வந்து நின்றார். ஏதோ நன்கொடை கேட்க வந்திருக்கிறார் என்று நான் சந்தேகப்பட்டேன்.

"கைய நீட்டுங்க சார்."

உரம் வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு தாளை விரித்து அதன்மேல் என் கையை வைத்தார். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் யாழினி வரைந்த 'அப்பாவின் கை' அது. அப்பாவின் கையைத் தாளில் வைத்துச் சுற்றி வரைவதுதான் அந்த வாரப் பாடம். என் விரல்கள் கோட்டைத் தாண்டி வெளியே நின்றன.

"நெனச்சேன். இது உங்க கை இல்ல."

"அவ அம்மா கையா இருக்கும் டீச்சர்."

"அதுவும் இல்ல. வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க."

கோட்டுக்கு உள்ளே, அழித்த தடமாக ஒரு சின்னக் கை தெரிந்தது. யாழினி தன் கையையே வைத்து வரைந்து, அதைச் சுற்றிச் சற்றுத் தள்ளிப் பெரிதாக இன்னொரு கோடு போட்டிருக்கிறாள்.

"எங்கிட்ட அவ கேக்கவே இல்லையே!"

"கேட்டாளாம். நீங்க போன் பேசிக்கிட்டே தலையாட்டிட்டுப் போயிட்டீங்களாம். உங்கள விட்டுக்கொடுக்க மனசில்லாம புள்ள பொய் சொல்லிருக்கு சார்."

அன்று சாயங்காலம் கடையை மைத்துனனிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். தரையில் உட்கார்ந்து கையை வைத்தேன். விரல் இடுக்கில் பென்சில் நுழைந்தபோது எனக்குக் கூசியது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்பா, ஆடாதீங்கப்பா!" என்று என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வரைந்து முடித்த பிறகும் வெகுநேரம் பள்ளிக்கூடக் கதை பேசிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் புதுப் படத்தைப் பார்த்த பிறகும் டீச்சர் அவளிடம் கேட்டாராம்: "அப்பா உக்காந்திருந்தாரா, நின்னுக்கிட்டே வச்சாரா?"

கல்லறைத் தோட்டத்தில் என்னைப் போலப் பல அப்பாக்களைப் பார்த்தேன். மற்றவர்களிடம் அவர் எதை விட்டுச் சென்றார் என்று தெரியாது. நான் வைத்துக்கொண்டது அவருடைய சந்தேகத்தைத்தான். 'இன்னிக்கு நேரமில்லம்மா' என்று வாயெடுக்கும்போதெல்லாம், அது நிஜம்தானா என்று என்னையே ஒருமுறை சந்தேகப்பட்டுப் பார்க்கிறேன். பெரும்பாலும் பொய்யாகத்தான் இருக்கிறது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பென்சிலைத் தேடுகிறேன்.