நாலு மூவ் ராணி

எனக்குச் சதுரங்கம் ஆடத் தெரியாது என்பது எங்கள் பள்ளியில் எனக்கு மட்டுமே தெரியும். ஆறாம் வகுப்பில் எனக்குச் சோறு இறங்கவிடாமல் செய்த ரகசியம் அது.

எல்லாம் மாமாவால் வந்த வினை. அம்மாவின் தம்பியான அவர் ஓசூரில் எங்கள் வீட்டிலேயே தங்கி ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் போய்க்கொண்டிருந்தார். எதையும் முழுதாகக் கற்றுக்கொள்வது அவருக்கு ஆகாது. கன்னடத்தில் நாலு வாக்கியம், கீபோர்டில் அரைப் பாட்டு, சமையலில் ரசம் மட்டும். சதுரங்கமும் அப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் போர்டை விரித்து, ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயைத் தள்ளி, இரண்டாவது மூவிலேயே ராணியைப் பலகையின் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அடுத்து மந்திரி. நாலாவது மூவில், எதிரி ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயை ராணி வெட்டியதும் மேட்.

"இவ்ளோதான் பாப்பா செஸ்ஸு" என்றார். நானும் நம்பினேன்.

வகுப்பில் அது தீயாக வேலை செய்தது. வேலை செய்தது என் மூளை இல்லை, எதிராளியின் பயம். ராணி வந்து நின்றதும் அலறியடித்துக்கொண்டு அதைத் துரத்த ஒரு சிப்பாயைத் தள்ளுவார்கள். காவலில்லாமல் நடுவில் நிற்கும் இன்னொரு சிப்பாயை மறந்துவிடுவார்கள். அதை வெட்டிச் செக் வைப்பேன், அடுத்து மூலையில் நிற்கும் யானையை எடுப்பேன். அதோடு அவர்கள் அழுது ஆட்டத்தை விட்டுவிடுவார்கள். துரத்தாதவர்களுக்கு நாலாவது மூவில் கதை முடியும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நான் ஆடியதே இல்லை. ஆடியிருந்தால் சாயம் வெளுத்திருக்கும்.

ஒருநாள் பிரேயரில் பி.டி. சார் என் பெயரைச் சொல்லி, கிருஷ்ணகிரியில் நடக்கும் போட்டிக்கு என்னை அனுப்பப்போவதாக அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா சும்மா இருப்பாரா? எதிர்வீட்டுக் கன்னடக்கார ஆன்ட்டியிடம் சொல்ல, அவர் ஒரு டப்பா நிறைய மைசூர்பா கொடுத்தனுப்பினார். அதைத் தின்னவும் பயமாக இருந்தது. தோற்றால்கூடப் பரவாயில்லை. நாலு மூவுக்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை ஊரே பார்த்துவிடுமே!

போட்டியன்று மாமாவுக்கு வார லீவு. அவரும் கூடவே கிளம்பிவிட்டார். சூளகிரி தாண்டுவதற்குள் பஸ் பஞ்சராகிவிட வேண்டும் என்று இருக்கிற சாமியை எல்லாம் கும்பிட்டேன். ஒரு சாமிக்கும் காது கேட்கவில்லை.

எனக்கு எதிரே உட்கார்ந்தது ஜவளகிரியிலிருந்து வந்த ஒரு சின்னப்பெண். எண்ணெய் வழிய இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. ஜன்னலுக்கு வெளியே மாமா யாரிடமோ, "பாத்துட்டே இருங்க, டீ ஆறதுக்குள்ள எங்க பாப்பா முடிச்சிரும்" என்று சொல்வது கேட்டது.

ராணியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அவள் துரத்தவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, உதடு முணுமுணுக்கப் பலகையையே பார்த்தாள். என்ன திமிர் என்று நினைத்தேன். பிறகு ஒரு கையை மட்டும் எடுத்து, நடுச்சிப்பாய்க்குக் காவலாகக் குதிரையை வைத்துவிட்டு, கையை மறுபடியும் அடியில் செருகிக்கொண்டாள். நான் மந்திரியை வைத்தேன். இப்போதுதான் அவள் சிப்பாயைத் தள்ளினாள். ராணி பின்வாங்க வேண்டியதாயிற்று. மேட்டுக்கான வழியில் இன்னொரு குதிரை வந்து மறித்தது.

அடுத்து ஐந்தாவது மூவ். எனக்குத் தெரியாத ஊர் அது. வேறு எதையும் நகர்த்தத் தோன்றாமல் ராணியையே அங்கும் இங்கும் ஓட்டினேன். அது ஓட ஓட, அதை விரட்டுகிற சாக்கில் அவள் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். என் ஆட்கள் வீட்டை விட்டே கிளம்பவில்லை. கடைசியில் ராணிக்குப் போக இடமில்லை. ஒரு சிப்பாய் அதை வெட்டியது.

யானை இரண்டு, குதிரை இரண்டு என்று பட்டாளம் முழுவதும் இன்னும் என்னிடம் இருந்தது. ஆனால் ஜன்னலில் மாமாவின் முகம் தெரிந்தது. அடுத்த மூவில் என் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும். ராஜாவைச் சாய்த்துவிட்டுக் கை நீட்டினேன். அவள் கை ஐஸாக இருந்தது.

"ஏன் உட்டுட்ட?" என்றாள் மெதுவாக. "ராணிய புடிக்கற வரைக்கும்தான் எங்கக்கா சொல்லிக் குடுத்துச்சு. அதுக்கு மேல எனக்கு ஆடவே தெரியாது."

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். "போடீ" என்று கையை உதறிவிட்டுக் குழாயடிக்குப் போய் அழுதேன். "போர்டு ராசியில்ல பாப்பா" என்றார் மாமா. அந்த வருஷம் முழுக்க அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பயத்தை மறைக்கத்தான் கைகளை அவள் தொடைக்கு அடியில் வைத்திருந்தாள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. இன்னும் ஒரே ஒரு மூவ் நான் பொறுத்திருந்தால், ஒன்றும் தெரியாமல் இரண்டு பேருமே முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.