எனக்குப் பதிலாக உட்கார்ந்த கோணி

எங்கள் முகப்பேர் வீட்டில் படுக்கையறை வாசலில் ஒரு பழைய கோணி கால்மிதியாகக் கிடக்கிறது. நாலாக மடித்துத் தைத்தது. அதில் வரிசையாகக் கிழிசல்கள். வருகிறவர்கள் எலி கடித்ததென்று நினைத்துக்கொள்வார்கள். நானும் பழியை எலி மேலேயே போட்டுவிடுவேன்.

கொடுத்தவன் என் மச்சான், மனைவியின் தம்பி. காட்டுப்பாக்கத்துக்காரன். எண்பதுகளின் கடைசியில் அந்தப் பக்கத்து வயல்களெல்லாம் மனைகளாகிவிட, சும்மா நின்ற டிராக்டருக்கு அவன் வேறு பிழைப்புக் கண்டுபிடித்தான். விளையாட்டு மைதானங்களில் மண் இறுகிப் புல் கருகிப்போகும். டிராக்டரின் பின்னால் ஒரு முள் உருளையை மாட்டி ஓட்டினால், அதன் இரும்புப் பற்கள் மண்ணைக் குத்தித் துளை போடும். வேருக்குக் காற்றும் தண்ணீரும் போகும். அம்பத்தூர்ப் பட்டறையில் சொல்லிச் செய்த உருளை அது. ஆவடித் தொழிற்சாலையில் குமாஸ்தாவான எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அவனிடம் ஒரு பதவி உண்டு: நெடுஞ்சாலையில் திரும்பும்போது இறங்கி நின்று சிவப்புக் கொடி காட்டுவது. என் தொப்பையைக் கண்டே பஸ்கள் நின்றன, கொடி வீண் செலவு என்பது அவன் கட்சி.

சாலையில் அந்த மெஷினை அவன் கொண்டுபோகும் விதமே தனி. உருளையைத் தூக்கிச் சங்கிலியால் பூட்டுவான். பற்கள் மேல் பழைய சைக்கிள் டயரைச் சுற்றுவான். பின்னால் அவன் அக்காவின், அதாவது என் மனைவியின், சிவப்புப் புடவைத் துண்டு பறக்கும். டீ குடிக்க நிறுத்தினாலும் முதலில் மெஷினைத் தரையில் இறக்கி, என்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்ட பிறகுதான் கிளாஸைத் தொடுவான். “இன்னா அண்ணாத்தே, அதுக்கும் ஒரு டீ போடவா?” என்று கடைக்காரர் கிண்டல் செய்யாத நாளில்லை. தூக்கி நிற்கிற இரும்பை நம்பக் கூடாது என்பான் இவன், டீயை ஊதிக்கொண்டே.

ஒரு கோடையில் வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரி மைதானம். அடுத்த வாரம் போட்டி. மண்ணோ சிமெண்டுத் தரை மாதிரி. பற்கள் இறங்கவே இல்லை. உருளைக்கு மேலுள்ள இரும்புச் சட்டத்தில் பாரம் ஏற்ற வேண்டும். மணல் மூட்டை கொண்டுவர மத்தியானம் ஆகிவிடும் என்றான் மச்சான். விளையாட்டு ஆசிரியருக்குப் பொறுக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எதுக்குங்க மூட்டை? சார் ஏறி உக்காந்தா போதுமே.”

எனக்கு ஒரே பெருமை. என் உடம்பு ஒரு பொதுக்காரியத்துக்குத் தேவைப்பட்டது அதுதான் முதல் தடவை. வேட்டியை மடித்துக் கட்டி ஒரு காலைத் தூக்கியும் வைத்துவிட்டேன். என்ஜின் அணைந்தது. சாவி சட்டைப் பைக்குள் போனது.

“எறங்கு மாமா.”

இப்படி இழுத்தடித்தால் வேறு ஆளைக் கூப்பிடுவேன் என்றார் ஆசிரியர். கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றான் அவன். பிறகு என்னிடம் மட்டும், குரலைத் தாழ்த்தி:

“சாக்கு கீஞ்சா வேற வாங்கிக்கலாம். அக்காகிட்ட நான் இன்னான்னு சொல்றது?”

மூட்டைகள் வந்தன. மெஷின் மேல் அடுக்கிக் கட்டினான். எங்களை எல்லைக் கோட்டுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு ஓட்டினான். பாதி மைதானத்தில், மண்ணுக்குள் புதைந்து கிடந்த ஏதோ கல்லில் உருளை ஏறி, மெஷின் குதிரை மாதிரி எகிறியது. கயிறு அறுந்து முன் மூட்டை சரிந்து பற்களுக்கு அடியில் போயிற்று. நான் கால் வைத்த அதே இடத்து மூட்டை. மணல் பொலபொலவென்று கொட்டியது. ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் என் முழங்காலைப் பார்த்தேன்.

மச்சான் என்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான். கோணியை உதறினான். வேறொரு மூட்டையைக் கட்டி மிச்ச மைதானத்தையும் முடித்தான். சாயங்காலம் அக்காவிடம் அதை நீட்டி, கால் துடைக்க நன்றாயிருக்கும் என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

இன்றுவரை அவளுக்கு விஷயம் தெரியாது. நான் எழுதுவதை அவள் படிப்பதில்லை என்பதால் இதை அச்சில் ஏற்றத் துணிந்தேன். வீட்டில் எத்தனையோ பழசு கழிந்தாயிற்று. தம்பி கொடுத்தது என்று இதை மட்டும் எடுத்து வைத்திருக்கிறாள். நானும் தினமும் அதில் கால் துடைக்கிறேன். இரண்டு காலையும்.