மஞ்சள் சட்டையும் லாரி டிரைவரும்

எழுபதுகளில் தொப்பூர் கணவாயில் ரோடு அகலப்படுத்தும் வேலையைப் படம் பிடித்துத் தரும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு நின்றிருந்தபோது, ஒருநாள் ஒரு லாரி என் ஸ்டாண்டை உரசிக்கொண்டு போனது. டிரைவர் கண்ணுக்கு நான் தெரியவில்லை என்றே நினைத்தேன்.

தூரத்திலேயே தெரிகிற மேல்சட்டை ஒன்று தைக்க வேண்டும். எந்த நிறத்தில்? என் மனைவி ஸ்டெல்லா ரோட்டில் தள்ளிப் போய் நின்று, ஒவ்வொரு துணியாகப் பிடித்துக் காட்டினாள். பச்சை, வயலோடு கலந்துவிட்டது. வெள்ளை, வெயிலில் கரைந்தது. சிவப்பு பளிச்சென்று தெரிந்தது. ஆனால் பாறைக்கு வெடி வைப்பவர்களின் கொடியும் சிவப்பு. அதைப் பார்த்தால் வெடி வைக்கிறார்கள் என்று மொத்த ரோடும் நின்றுவிடும்.

"அப்ப மஞ்சளே தெச்சுக்குங்க" என்றாள்.

மறுவாரம் அதை மாட்டிக்கொண்டு, காமிராவைப் பெட்டியிலிருந்து எடுக்குமுன் வளைவில் நின்றேன். லாரிகள் ஊர்ந்து போயின. மஞ்சளுக்கு இவ்வளவு சக்தியா! ஒரு டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு என்னைக் கும்பிட்டார்.

"எந்த மாரியம்மனுக்கு வேண்டுதலுங்க?"

"வேண்டுதல் இல்லீங்க, நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். போட்டோ புடிக்கிறேன். வண்டிக்காரங்களுக்குத் தெரியட்டுமேன்னு போட்டேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அன்னைக்கு ஸ்டாண்டை உரசுனது என் வண்டிதானுங்க. அன்னைக்கும் தெரிஞ்சீங்க. போட்டோக்காரர்தானே, ஒதுங்கிக்குவார்னு வந்துட்டேன்."

சட்டையை நான் விடவில்லை. ஆனால் அதற்கப்புறம், துணிக்குள் தலையை விடுமுன் வருகிற டிரைவரின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.