சூரியனைக் காட்டிய பெண்மணி

மலேசியாவின் கிள்ளானில் எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்துத் திடலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தொலைநோக்கி வழியாகச் சூரியனைப் பார்க்க எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் ஒரு பெண்மணி. ஒடிசலான உருவம், அகலத் தொப்பி. யார் கண் வைப்பதற்கு முன்பும் சூடு அடிக்கிறதா என்று, பார்க்கும் துளையருகே தன் உள்ளங்கையை நீட்டிப் பார்த்துக்கொள்வார்.

என் மகளின் முறை வந்தபோது காற்று பலமாக அடித்தது. அவள் குனிந்தாள்.

“இரு மா,” என்று கையை நீட்டியவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். உள்ளங்கையில் சிவப்பாக ஒரு சூட்டுப் புள்ளி. தொலைநோக்கியின் முன்னால் வெயிலைத் தடுக்கும் தகடு கழன்று புல்லில் கிடந்தது.

மகளை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

“வேணாம் அக்கா, நாங்க போறோம்.”

“பயப்படுறது தப்பில்ல லா, பாஸ். நானும் ஒவ்வொரு தடவையும் பயந்துதான் கைய வைக்கிறேன்.”

தகட்டில் கீறல் இல்லையென்று பார்த்து, இறுக்கி ஒட்டினார். மறுபடி கையை வைத்தார். பிறகு தன் கண்ணையே முதலில் வைத்தார்.

“இப்ப வா மா.”

மகள் என் முகத்தைப் பார்த்தாள். தலையசைத்தேன்.

“அப்பா, சூரியன்ல கறுப்பா புள்ளி இருக்கு.”

அவர் சிரித்தார். சூடுபட்ட அதே உள்ளங்கையை மறுபடி துளையருகே நீட்டினார். அந்தப் பயத்தோடு அடுத்தவரை எப்படிக் கூப்பிட்டார் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.