மாமி காய்ச்சிய கறுப்பு பீர்

கறுப்பு நுரை சட்டியிலிருந்து பொங்கி அடுப்பில் வழிந்தபோது, மலாயாவில் பத்து பகாட் ஊரின் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் வரிசை முழுவதும் மணந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சைவக் குடும்பங்கள் ஆறேழு அந்த வரிசையில் இருந்தோம். எங்கள் வீட்டில் பீர் காய்ச்சுகிறார்கள் என்ற செய்தி அன்று மாலைக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. காய்ச்சியவர் என் கணவரின் தாயார். மாமி என்றுதான் கூப்பிடுவேன். வாரத்தில் இரண்டு நாள் விரதம், மற்ற நாட்களிலும் மச்சம் மாமிசம் வாசற்படி தாண்டக்கூடாது என்று வீட்டை ஆண்டவர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி என்று நினைவு. மூத்தவன் பிறந்து மூன்று வாரம். காய்ச்சல் விட்டிருந்தது, ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு பிடி சோறு வாயில் வைத்தால் குமட்டும். பிள்ளையைத் தூக்கக் கையில் பலமில்லை. வெள்ளைக்கார டாக்டர் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். இப்படியே சாப்பிடாமல் கிடந்தால் பிழைக்கமாட்டாள் என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு, ஓட்ஸ் ஸ்டவுட் என்ற கறுப்பு பீரைத் தினமும் ஒரு கிளாஸ் கொடுக்கும்படி எழுதித் தந்தார். அந்தக் காலத்தில் அதை மருந்தாகவே எழுதுவார்கள். இன்று இதைச் சொன்னால் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்க்கும் என் மகள் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

லேண்ட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் கணவர், சீனர் கடையில் அதை வாங்கிச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்தார். ஓட்ஸ் என்றால் என்ன என்று மாமி கேட்டார். கஞ்சி காய்ச்சும் தானியம் என்றார் இவர். அது போதும் மாமிக்கு. சுக்கும் மிளகும் தட்டிப்போட்டு, கஷாயம் மாதிரி எட்டில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சினால் வெறி ஆவியாகிப் போகும், சத்து மட்டும் நிற்கும் என்று முடிவு கட்டிவிட்டார். எஞ்சியது தார் போல ஒரு அரைக் கோப்பை. ஒரு மிடறு விழுங்கினேன். காலையில் குடித்த தண்ணீரும் சேர்ந்து வெளியே வந்தது. மூன்று நாள் விடாமல் காய்ச்சினார், மூன்று நாளும் வாந்தி. நான் இன்னும் மெலிந்தேன்.

நான்காம் நாள், டாக்டருக்கு உதவியாக இருந்த ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் என்னைப் பார்க்க வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். சட்டியைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது. "இத காய்ச்சக் கூடாதும்மா. போத்தலத் தொறந்து அப்படியே ஊத்திக் குடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். காய்ச்சினால் கஷாயம், காய்ச்சாவிட்டால் கள், அவ்வளவுதான் மாமிக்கு. அன்று முழுவதும் என் அறைப் பக்கமே வரவில்லை. இனிமேல் எனக்கு மருந்து இல்லை என்றே நினைத்தேன். பயமாக இருந்தது.

மறுநாள் பகலில் போத்தலும் கிளாஸுமாக உள்ளே வந்தார். நெற்றியில் திருநீறு இல்லை. விடியலில் குளித்துப் பூசியதைத் துடைத்துவிட்டு வந்திருந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து, கிளாஸில் ஊற்றி, முதல் வாயை அவரே குடித்தார். முகம் கோணியது. ஆனாலும் விழுங்கினார்.

"என்ர மகளுக்கு மீன்எண்ணெய் குடுக்கச் சொல்லி டாக்குத்தர் சொன்னவர். நான் ஆசாரம் பார்த்தனான்," என்றார். "உனக்குப் பார்க்கமாட்டன். குடி பிள்ளை."

அவருடைய மகள் முதல் பிரசவத்துக்குப் பிறகு இளைத்து இளைத்துப் போய்ச் சேர்ந்தது எனக்குத் தெரியும். இது தெரியாது.

வாங்கிக் குடித்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் அந்தக் கறுப்பின் ஓரம் சிவப்பாகத் தெரிந்தது. மேலே கோப்பி நிறத்தில் நுரை. வறுத்த கோப்பிக்கொட்டையின் மணம், அதற்கடியில் அடிப்பிடித்த கஞ்சியின் மணம். நெருப்பாக எரியும் என்று பயந்திருந்தேன், அது கூழ் போல வழவழவென்று நாக்கில் படர்ந்தது. கசப்பு பிந்தித்தான் வந்தது, தொண்டைக்கு அருகில். அதுவும் போன பிறகு கருப்பட்டியின் இனிப்பு கொஞ்சம் நின்றது. வயிறு மெல்லச் சூடாகியது. அன்று தொட்டிலில் கிடந்தவன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இதையே ஐஸ் போட்டுக் குடிக்கிறான். ஐஸ் போட்டால் மணம் எங்கே இருக்கும் என்று திட்டிக்கொண்டே அவன் கிளாஸிலிருந்து ஒரு வாய் குடிப்பேன்.

அன்று வாந்தி வரவில்லை. மாமி வாந்தியை ஏந்த ஒரு பழைய சட்டியைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் காத்திருந்தார். பிறகு எனக்கே நம்பமுடியாத ஒன்று நடந்தது.

"பசிக்குது மாமி," என்றேன்.

தீட்டுப் பட்டால் தலைக்குக் குளிக்காமல் அடுப்படியில் கால் வைக்காதவர், வாயில் பீர் மணத்தோடு நேரே அடுப்படிக்கு ஓடினார். ரசம் விட்டுக் குழையப் பிசைந்து ஊட்டினார். ஐந்து கவளம் சாப்பிட்டேன். ஆறாவதை உருட்டியவரால் கையைத் தூக்க முடியவில்லை. அழுதுகொண்டிருந்தார். நானே அவர் கையைப் பிடித்து என் வாய்க்குக் கொண்டுபோனேன்.